சுருக்குப்பையும் சிறுவாடும்

பொற்கிழி என்றதும் நம் எல்லோருக்கும் 1965-இல் வந்த திருவிளையாடல் படத்துத் தருமிதான் நினைவுக்கு வருவார். நாகேஷின் புலம்பலை ரசித்த நாம், அந்தக் ‘கிழி’ என்றால் என்ன என்று கேட்டதில்லை. கிழி என்றால் கிழித்தெடுத்த துணி. பொன்னை அதில் வைத்து முடிந்தால் பொற்கிழி. முடிவதால் முடிப்பு. தலைவர்களுக்கு இன்றும் ‘பணமுடிப்பு’ வழங்குகிறோம், கவரில் போட்டு!

ஆக, நம் முதல் பணப்பைக்குத் தையலே கிடையாது. ஆணுக்கு வேட்டி மடி, பெண்ணுக்கு முந்தானை முடிச்சு. ஆனால் ஒரு முடிச்சில் காசும் சுண்ணாம்பும் சேர்ந்து இருக்க முடியுமா? அங்கேதான் ஊசியும் நூலும் வருகின்றன.

சுருக்குப்பை தைப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. தையற்காரர் கழித்துப்போட்ட வெட்டுத்துணி போதும். நீளவாக்கில் மடித்து, இரண்டு பக்கமும் தைத்து, வாய்ப்பகுதியை மடித்து நாடா போக வழி விட வேண்டும். இரண்டு கயிறுகளை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கோத்தால், இழுத்ததும் வாய் இறுகும். சூட்சுமம் உள்ளே இருக்கிறது. நடுவில் ஒரு துணியை வைத்துத் தைத்தால் இரண்டு அறை, இன்னொன்றை வைத்தால் மூன்று. வெற்றிலை பாக்கு ஒன்றில், சுண்ணாம்பு டப்பியும் புகையிலையும் ஒன்றில், சில்லறை அடியறையில். கிழிந்த சேலையில் தைத்த பையாக இருந்தாலும், கைவிட்டால் எது எங்கே இருக்கிறது என்று கண் பார்க்காமலே தெரியும்.

அந்தச் சில்லறையும் லேசுப்பட்டதல்ல. ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா. போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க 1943 முதல் நடுவில் துளையிட்டு அடித்தார்களே, அந்த ஓட்டைக் காலணாவெல்லாம் இந்தப் பைகளில்தான் கிடந்தது. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தபோது பழைய காசும் புதுக்காசும் ஒரே பையில் புழங்கி, கிழவிகள் கணக்குப் பார்த்த வேகத்தை எந்தக் கணக்கு வாத்தியாரும் தொட முடியாது.

அதைவிட முக்கியம், அது யார் பணம் என்பது. குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கில்லை. விதவைக்குக் கிடைத்ததும் அனுபவிக்கும் உரிமைதான், விற்க முடியாது. சீதனம் அவளுடையது என்று சட்டம் சொன்னாலும், நகை அடகுக்கடைக்குப் போகும்போது அவளை யார் கேட்டார்கள்? முழு உரிமை 1956 சட்டத்தில்தான் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-இல். அதுவரை மோர் விற்று, முட்டை விற்று, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துச் சேர்த்த சிறுவாட்டுக் காசுக்கு ஒரே பெட்டகம் இடுப்பில் செருகிய அந்தப் பைதான். பீரோவைத் திறக்கும் ஆண்பிள்ளை அதில் கை வைக்க மாட்டான்.

என் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக் கட்டணம் அப்பத்தாவின் சுருக்குப்பையிலிருந்து வந்தது. ‘படிச்சது போதும், வயலுக்கு வரட்டும்’ என்று அய்யா முடிவு செய்திருந்த நேரம். அப்பத்தா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கசங்கிய நோட்டுகளையும் சில்லறையையும் திண்ணையில் எண்ணி வைத்துவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டுப் பெண்களின் உடையில் பை தைக்கவில்லை. தனியாகத் துணிப்பை தைத்து, நாடாவில் கோத்து, பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டினார்கள். மேல் பாவாடையில் விட்ட பிளவு வழியாகக் கையை நுழைத்து எடுப்பார்கள். பணம், சாவி, ஊசிநூல், கடிதம் எல்லாம் அதில்தான். பூவேலை செய்த அத்தகைய பைகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கும் 1870, 1882 சட்டங்கள் வரும்வரை மணமான பெண்ணின் கையிருப்பும் சம்பாத்தியமும் சட்டப்படி கணவனுடையவை. ஏட்டில் அப்படி இருந்தாலும் பாவாடைக்கு அடியில் கிடந்தது அவள் கைக்கு மட்டும் எட்டியது. அந்த நூற்றாண்டின் கடைசியில் உடலோடு ஒட்டிய மெல்லிய உடை நாகரிகமானதும், புடைத்துத் தெரியும் பை மறைந்து சின்னக் கைப்பை வந்தது.

இங்கே கைப்பை வந்து ஒதுக்கிய சுருக்குப்பை இப்போது கல்யாண வீடுகளில் ஜரிகை வைத்து ரிட்டர்ன் கிஃப்ட் ஆகிவிட்டது. பார்க்க அழகுதான், உள்ளே அறை கிடையாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழையது கிடந்தால் எடுத்துத் திறந்து, எத்தனை அறை என்று எண்ணிச் சொல்லுங்கள். புகைப்படம் போட்டால் இன்னும் நல்லது.