பழனிமலையின் ஜுராசிக் காலம்: இல்லாத படிவுகள் தரும் சான்று

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைச்சாலையின் எந்த வெட்டுமுகத்திலும் ஜுராசிக் காலப் படிவுப்பாறையைக் காண முடியாது. அடிவாரம் முதல் உச்சி வரை சார்னோக்கைட் என்ற ஆழப்பாறையும் அதன் இனப் பாறைகளும்தான். இவை கடைசியாகப் பெரும் உருமாற்றம் அடைந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். ஜுராசிக் காலமோ 20 கோடி முதல் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. எனவே இம்மலையின் வரலாற்றில் ஜுராசிக்கை வெற்றுப் பக்கமாக விட்டுவிடுகிறோம். அது தவறு. அக்காலத்தில் இது மண்ணை வாங்கிய பள்ளமல்ல, மண்ணைக் கொடுத்த மேடு என்பதே என் வாதம்.

மலையடிவாரத்துக் கங்குவார்பட்டிப் பாறைகளில் கிடைக்கும் சஃபிரின் என்ற தாது, 900 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், நில ஓட்டின் அடியாழத்தில் உருவானது. அதே பாறைத்தொகுதி இன்று 2,000 மீட்டர் உயரத்தில் வெயில் காய்கிறது. மேலிருந்த சுமை அத்தனையும் ஜுராசிக்கில் கரைந்ததல்ல. சிவகங்கைப் பகுதியில் உள்ள, கோண்ட்வானா படிவுத்தொகுதியின் மேல்பகுதியைச் சேர்ந்த (மேல்கோண்ட்வானா) மணற்கல் இத்தகைய பழம்பாறைகளின் மீதே நேரடியாகப் படிந்திருக்கிறது. அப்படியானால் அந்த மணல் படிவதற்குள் ஆழப்பாறை வெளியே வந்துவிட்டது. இந்தியா அண்டார்க்டிகாவிலிருந்து பிரியத் தொடங்கியபோது காவிரிப் படுகை பிளந்து இறங்கியது. அங்கே சில இடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேல் வண்டல் குவிந்தது.

மலைச்சாலையில் ஒரு சார்னோக்கைட் உருண்டையை உடைத்துப் பார்க்கலாம். உள்ளே எண்ணெய் பூசியது போன்ற கரும்பச்சை. வெளியே வெங்காயத் தோல் போல உரியும் செம்பழுப்பு அடுக்குகள். அந்த அடுக்கை விரலால் நசுக்கினால், களிமண்ணாகிவிட்ட ஃபெல்ஸ்பார் மாவாக உதிர்கிறது, குவார்ட்ஸ் மட்டும் நறநறவென்று நிற்கிறது. களிமண்ணும் மணலும் இப்படித்தான் பிறக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் தெரணியின் வெண்களிமண், இத்தகைய பழம்பாறைகள் சிதைந்து வந்த சரக்குதான். அதன் ஏடுகளுக்கிடையே டிலோஃபில்லம் என்ற தொல்தாவரத்தின் இலைகள் நரம்பு தெரியப் பதிந்திருக்கின்றன.

இந்த இலைகளை வைத்தே இத்தகைய படிவுகளை நெடுங்காலம் ஜுராசிக் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிலோஃபில்லம் ஜுராசிக்கிலும் வளர்ந்தது, அதையடுத்த கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியிலும் வளர்ந்தது. அதை மட்டும் வைத்துக் காலம் குறிக்க இயலாது. 'பிந்தைய ஜுராசிக் – முந்தைய கிரெட்டேசியஸ்' என்று எழுதுவதே நேர்மை.

சிவகங்கை மணல் பழனிமலையிலிருந்தே வந்ததா? இன்று மஞ்சளாறும் மருதாநதியும் இம்மலை மண்ணை வைகையில் சேர்க்க, வைகை அதை மானாமதுரை வழியாகக் கொண்டுபோகிறது. அன்றைய ஆறுகளும் அவ்வழியே ஓடின என்பதற்கு இது சான்றாகாது. மணற்கல்லிலுள்ள ஜிர்கான் தாது மணிகளின் வயதை மலைப்பாறையின் ஜிர்கான் வயதோடு ஒப்பிடலாம். ஆனால் பழனிமலை அடங்கிய மதுரைப் பாறைத்தொகுதி முழுவதிலும் ஒத்த வயதுகள் வருவதால், அதுமட்டும் ஒரு மலையை அடையாளம் காட்டாது. பழைய நீரோட்டத்தின் திசையைக் காட்டும் சாய்வடுக்குகளை அந்த மணற்கல்லிலேயே அளந்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இத்தகைய ஆய்வுக்குப் படிவுகள் மிஞ்ச வேண்டும். தெரணியில் களிமண் வெட்டும் குழிகளே இலைப்படிவங்கள் வெளிப்படும் இடங்கள். குழி மூடப்படும் முன் அதன் சுவரை அடுக்கடுக்காக வரைந்து மாதிரி எடுத்துவைக்கும் பொறுப்பைத் தமிழகப் பல்கலைக்கழகங்களின் நிலவியல் துறைகள் ஏற்க வேண்டும்.