பதினான்கில் இரண்டு: ஓமந்தூராரின் இரண்டாண்டு ஆட்சி

திண்டிவனம் பக்கம் ஓமந்தூரில் 1895-இல் பிறந்த ராமசாமி ரெட்டியாரைப் பற்றிப் பேச்செடுத்தால் எளிமையும் நேர்மையும்தான் முதலில் வரும். கட்சிக்காரர்களின் சிபாரிசுக்கு வளையாதவர், பதவி போனபின் வடலூரில் வள்ளலார் வழியில் தொண்டு செய்தவர் என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இந்தப் புகழ்ச்சியே அவரைத் துறவியாக்கிப் பூசையறைப் படமாக மாட்டிவிட்டது. 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை அவர் சென்னை மாகாணப் பிரதமர். முதலமைச்சர் பதவிக்கு அப்போது அதுதான் பெயர். அந்த இரண்டாண்டில் அவர் கையெழுத்திட்டவற்றுள் மிக நீண்ட விளைவைத் தந்தது 1947-இல் திருத்தப்பட்ட வகுப்புவாரி ஆணை. அவரை அளக்க வேண்டியது அதைக்கொண்டுதான்.

எஸ். முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த பழைய ஆணை, அரசு வேலைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தது. அதில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5 இடம். நிலமும் படிப்பும் கொண்ட சாதிகளும், தென்னார்க்காட்டு மல்லாட்டைக் கொல்லைகளில் கூலிக்குப் போன சாதிகளும் அந்த ஒரே வரிசையில் நின்றன. முன்னால் நின்றவர்களுக்கே வேலை கிடைத்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஓமந்தூரார் அரசு சுற்றைப் பதினான்காக மாற்றியது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. பிற்பட்டோர் தனி வகுப்பாக இந்தச் சுற்றில் இடம்பெற்றது அப்போதுதான். நிலவுடைமைச் சாதி ஒன்றில் பிறந்தவர் தம்மைப் போன்றவர்களின் வரிசையிலிருந்தே பிற்பட்டோரைப் பிரித்து, அவர்களுக்கெனப் பங்கு வைத்தார். தாடியில்லாத ராமசாமி நாயக்கர், அதாவது தாடியில்லாத பெரியார், என்று சொந்தக் கட்சிக்குள்ளேயே அவரைக் குறை சொன்னதாகக் கூறுவார்கள்.

இதையெல்லாம் அவர் ஒருவர் சாதனையாகச் சொல்லலாமா என்று கேட்கலாம். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் நிறைவேறியது என்றாலும், அதற்காக முத்துலட்சுமி ரெட்டி இருபது ஆண்டுக்காலம் போராடியிருந்தார். ஆலய நுழைவுக்கும் மதுவிலக்குக்கும் ராஜாஜி காலத்திலேயே அடி போடப்பட்டது. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிரகாசம் குழு முன்பே வழி காட்டியது. சரிதான். ஆனால் கோப்புகளில் கிடந்தவற்றைச் சட்டமாக்கினால் கோயில் அதிகாரத்தில் இருந்தவர்களும் ஜமீன்தார்களும் ஒரே நேரத்தில் பகையாவார்கள் என்று தெரிந்தே செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது. இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. 1948-இல் பெரியாரின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்ததும், பள்ளிகளில் இந்தியைப் புகுத்தி எதிர்த்தவர்களைச் சிறைக்கு அனுப்பியதும் இதே ஆட்சிதான். அதற்குச் சமாதானம் சொல்ல நான் விரும்பவில்லை. பெரியார் கேட்டதில் ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டே பெரியாரின் தொண்டர்களை அடக்கிய ஆட்சி என்றுதான் எழுத வேண்டும்.

அந்த இரண்டு இடங்களால் பிற்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது மூன்றாவது கேள்வி. உடனடியாக அதிகமில்லை. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணையையே செல்லாததாக்கியது. ஆனால் தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பால் அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யும் உரிமை 15(4) ஆகச் சட்டத்தில் ஏறியது. 1952 தேர்தலில் பிற்பட்ட வகுப்பினரான வன்னியர்களின் இரு கட்சிகளில், ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பிடித்தன. பங்கு போதாது என்ற கோபம் அதில் இருந்தது. பங்கு உண்டு என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகுதான் போதாது என்று கேட்க முடியும். 1987 செப்டம்பரில் தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் நடத்திய சாலை மறியலில் 21 உயிர்கள் பலியானதும், 1989-இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு வந்ததும் இதே கணக்கின் தொடர்ச்சிதான்.

அந்த 21 பேருக்கு விழுப்புரத்தில் மணிமண்டபம் எழுந்துவிட்டது. ஓமந்தூரார் பெயர் சென்னையில் அரசினர் தோட்டத்துக்கு இருக்கிறது. அவருடைய ஆட்சிக்காலத்துச் சட்டமன்ற விவாதங்கள் அச்சுத் தொகுதிகளாக உள்ளன. விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளின் மாணவர்களும் ஆசிரியர்களும் அவற்றைத் தமிழில் தொகுத்து வெளியிட முன்வர வேண்டும்.