சிறிய நெகற்றிவும் பெரிய நெகற்றிவும்

புகைப்படக்கலையின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கமராவைப் பற்றியே பேசுவர். ஆயினும், ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்கு வந்து சேர்வது தாளிலே பதிந்த படமேயாகும். அதன் தரம் எதனால் அமைகின்றது என்பதை இன்று ஆராய்வோம்.

இதற்கு நமது நாட்டிலேயே தக்க சான்றாக விளங்குபவர் லயனல் வென்ட். 1900ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த இவர், லண்டனில் சட்டமும் இசையும் பயின்றவர்; 1934இல் வெளிவந்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவர். லைக்கா, ரோலிபிளெக்ஸ் என்னும் இருவகைக் கமராக்களையும் கையாண்டவர்.

லைக்கா 1925இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையிலே அறிமுகமாயிற்று. திரைப்படச் சுருளைக்கொண்டு படம் பிடிக்குமாறு ஒஸ்கார் பார்னாக் என்பவர் அதனை அமைத்தார். அதன் நெகற்றிவ் 24 மில்லிமீற்றருக்கு 36 மில்லிமீற்றர். 1929இல் தோன்றிய ரோலிபிளெக்ஸின் நெகற்றிவோ ஏறக்குறைய 56 மில்லிமீற்றர்ச் சதுரம். பரப்பளவைக் கணக்கிட்டால், முன்னையது 864 சதுர மில்லிமீற்றர், பின்னையது 3,136. மூன்றரை மடங்குக்கும் மேலான வேறுபாடு!

8 அங்குலத்துக்கு 10 அங்குலம் அளவான படம் ஒன்று வேண்டுமெனின், சிறிய நெகற்றிவை எட்டரை மடங்கு பெருப்பிக்க வேண்டும். பெரியதை நாலரை மடங்கு பெருப்பித்தாற் போதும். ஒரு பரப்புத் தோட்டத்துக்கு ஒரு வண்டி எரு இடுவதற்கும், மூன்றரை வண்டி இடுவதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் நன்கறிவர். பெருப்பிக்கும்போது உருவம் மாத்திரமா பெரிதாகின்றது? பிலிமிலுள்ள வெள்ளித் துகள், தூசி, கீறல் யாவும் உடன் பெரிதாகின்றன. கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட நுண்ணிய சாயல்களும் பெரிய நெகற்றிவிலேயே இதமாக அமைகின்றன.

அவ்வாறாயின், சிறிய கமராவை மக்கள் விரும்பியது ஏன்? அது சட்டைப்பைக்குள் அடங்கும். ஒரு சுருளில் 36 படங்கள் பிடிக்கும். ரோலிபிளெக்ஸின் சுருளிலோ 12 படங்களே. ஓடும் மாட்டுவண்டியையும் திருவிழாக் கூட்டத்தையும் பிடிக்கச் சிறிய கமரா வசதியானது. மேலும், அளவு ஒன்றே தரத்தைத் தந்துவிடாது. சாதாரண வில்லை பொருத்திய பெட்டிக் கமராவின் பெரிய நெகற்றிவைக் காட்டிலும், நல்ல வில்லையுடைய லைக்காவின் சிறிய நெகற்றிவ் தெளிவானதாக இருத்தல் கூடும். அஞ்சலட்டையளவான படத்திலே இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தோன்றாது.

வென்ட் 1944இல் காலமானார். அதன்பின் அவருடைய நெகற்றிவுகள் அழிக்கப்பட்டன. இன்று அவரது கலைக்குச் சான்று பகர்வன, அவர் தமது இருட்டறையிலே ஆக்கிய படங்களே. நெகற்றிவ் அழிந்தவிடத்து, தாளிலுள்ள படமே நெகற்றிவின் தானத்தைப் பெறுகின்றது.

இவ்வுண்மை யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டு அகன்றபோது, கையில் எடுக்க முடிந்தவற்றையே எடுத்துச் சென்றனர். அல்பத்தை எடுத்தோர் உளர். நெகற்றிவை நினைத்தோர் மிகச் சிலரே. அவ்வாறு எஞ்சிய கலியாணப் படமொன்றிலிருந்து தாயின் முகத்தை மாத்திரம் பெருப்பித்துத் தரும்படி பிள்ளைகள் கேட்கின்றனர். நான்கு மீற்றர் நீளமாக நிற்கும் உறவினர் வரிசையைப் படம் பிடித்தால், ஒரு முகம் சிறிய நெகற்றிவில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் உயரமே இருக்கும். பெரிய நெகற்றிவில் 3 மில்லிமீற்றர். அந்த ஒரு மில்லிமீற்றரிலேதான் கண்ணின் இமையும் நெற்றிப் பொட்டும் அடங்கியுள்ளன.

ஆகவே, வீட்டுப் பெட்டகத்திலே பழைய நெகற்றிவ் கிடந்தால், பெரியதாயினும் சிறியதாயினும் அதனை எறிந்துவிடாதீர்கள். விரல் படாமல் ஓரத்திலே பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளுறையில் இட்டு, ஈரமும் வெப்பமும் அணுகாத இடத்தில் வையுங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலாற் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். முகத்தை நெகற்றிவ் காத்துத் தரும். பெயரை நாமே காத்தல் வேண்டும்.