கற்பனை அணியின் ஒரு பருவம்

1980-இல் நியூயார்க் உணவகம் ஒன்றில் டேனியல் ஆக்ரெண்டும் நண்பர்களும் கூடி, மெய்யான பேஸ்பால் வீரர்களைக் கொண்டு கற்பனை அணிகள் அமைக்கும் விளையாட்டுக்கு அடிகோலினர். பருவம் முழுவதும் செய்தித்தாளைப் பார்த்துப் பொறுமையாய்க் கணக்கிட்டனர். ஆக்ரெண்ட் ஒருமுறையும் வென்றதில்லையாம்!

அதுவே நம் காரியாபட்டியில் கிரிக்கெட்டாய், அன்றாடப் பந்தயமாய்க் கைப்பேசிக்குள் வந்தது. 2025 ஐ.பி.எல். பருவத்தில் சென்னை அணி முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. நம் சபை வாலிபர் ஒருவரோ பற்றினால் தோனியையே தம் அணிக்குத் தலைவராக்கி, பட்டாசு ஆலைக் கூலியை இழந்துவந்தார். 759 ஓட்டங்களுடன் முதலிடம் பெற்ற சாய் சுதர்சனை அவர் தெரிந்துகொள்ளவேயில்லை.

ஐ.பி.எல். முடிந்தும் பந்தயம் ஓயவில்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் மசோதாவை ஆகஸ்ட் 21 அன்று நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தச் சனிக்கிழமை கூலி முழுவதும் வீடு வந்ததென்று அவருடைய தாயார் ஆராதனைக்குப் பின் என்னிடம் சொன்னார்கள்.