படுவான்கரையின் சூரிய மின்சாரம்: வருமானம் யார் பக்கம்?

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, எழுவான்கரையில், நகரங்கள் நெருக்கியடிக்கின்றன. மேற்கே படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் தரையும் விரிகின்றன. 2007 வரை போர்முனையாயிருந்த அந்த மேற்குக் கரையின் வவுணதீவில் இன்று 10 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்குகிறது. நெடுங்காலம் இருளில் கிடந்த பிரதேசம் நாட்டுக்கே மின்சாரம் கொடுப்பது பெருமைதான். ஆனால் விற்ற மின்சாரத்தின் பணத்தில் எவ்வளவு அந்தக் கரையில் தங்குகிறது என்பதைக் கொண்டே இதை வளர்ச்சி என்று சொல்ல முடியும்.

1956 இல் உற்பத்தியைத் தொடங்கிய, மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனை காகித ஆலையை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். அது வைக்கோலை மூலப்பொருளாக்கியது. அறுவடைக்குப்பின் வயலில் கிடந்ததற்கும் விலை கிடைத்தது. ஆலைக்குள் ஊராருக்கு வேலையும் இருந்தது. சூரிய மின்நிலையத்தின் இயல்பு வேறு. கட்டும் மாதங்களில் பலருக்குக் கூலி கிடைக்கும். பிறகு தகடு கழுவ, காவல் காக்க, பழுது பார்க்கச் சிலரே போதும். ஆகவே வேலைவாய்ப்பை மட்டும் காட்டி இத்தொழிலை நியாயப்படுத்த முடியாது. உரிமையில் பங்கு வேண்டும்.

காணியும் அப்படித்தான். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் தேவைப்படுகிறது. வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் நிலம், பெரும்போக விதைப்புக் காலத்தில் வயலிலிருந்து வெளியேறும் மாட்டுப்பட்டிகளுக்கு ஒரே போக்கிடமாக இருக்கலாம். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கிய மாவட்டம் இது. பசுமை மின்சாரத்தின் பெயரால் இன்னொரு மேய்ச்சல் தரை பறிபோகக் கூடாது.

உள்ளூர் உரிமை வெறும் கனவு என்பார்க்கு விடை தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஓடந்துறை ஊராட்சி 2006 இல், சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் 1.55 கோடி இந்திய ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தன் தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. ஒரு கிராம ஊராட்சியால் முடிந்தது, வவுணதீவை உள்ளடக்கிய மண்முனை மேற்குப் பிரதேச சபைக்கும் முடியும். சட்டமும் கடன் வசதியும் அதற்கு இடம்கொடுக்கவேண்டும்.

பகலில் ஏற்கெனவே மிகும் சூரிய மின்சாரத்தை ஏன் மேலும் கூட்டவேண்டும் என்று ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. மின்தேவை குறைந்த ஞாயிற்றுக்கிழமையான 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாற்றை, சூரிய மின்சாரம் மிகுந்திருந்த கட்டமைப்பால் தாங்க முடியவில்லை. அந்த ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறைப் பகல்களில் கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு கேட்கப்பட்டது.

இதற்கான விடைகளில் ஒன்று வாவிக் கரையிலேயே இருக்கிறது. மீனவருக்கு ஐஸ் வேண்டும். நெல்லுக்கு ஆலை வேண்டும். இரண்டையும் பகலில் ஓட்டலாம். உச்சி வெயிலில் உறைந்த ஐஸ் இரவுப் பிடிப்பைக் காக்கும். மின்கலம் இல்லாமலே சூரியன் சேமிக்கப்படுகிறது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆகப் பாய்ந்தபோது கரையில் தங்கிய படகுகளை நினைப்பவர்களுக்கு, தொழிற்செலவில் ஒன்றாவது குறைவதன் அருமை புரியும்.

படுவான்கரையில் அடுத்த மின்நிலையத்துக்கு ஒப்பந்தம் எழுதப்படும்போது, பிரதேச சபைக்கான பங்கும் மேய்ச்சல் தரைக்கான எல்லையும் அதில் இடம்பெற வேண்டும். அவை இல்லாத ஒப்பந்தத்தை மாவட்டத்தின் மக்கள் பிரதிநிதிகள் ஏற்கக் கூடாது.