கிந்தாவின் கரிமணலும் கண்ணாடிக் காந்தமும்

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அரித்தவர்கள், ஈயத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த கறுப்பு மணலை அமாங் என்று தள்ளிவைத்தார்கள். பின்னாளில் ஈப்போ வட்டாரத்து அமாங் ஆலைகள் அந்தக் கழிவையே வாங்கிப் பிரித்தன. உலர்ந்த மணல் வலுவான காந்தத்தின் அடியில் ஓடும். இரும்பு–டைட்டேனியம் ஆக்சைடான கறுத்த இல்மனைட் மணிகள் மேலே இழுபடும். ஈயக்கல்லும் சிர்கானும் கீழேயே நிற்கும். ஈயமும் இல்மனைட்டும் ஒன்றாகக் கிடப்பது தற்செயலல்ல. ஜப்பானியப் புவியியலாளர் ஷுன்சோ இஷிஹாரா 1977-இல் கருங்கல் பாறைகளை மேக்னடைட் வகை, இல்மனைட் வகை என இரண்டாகப் பிரித்தார். ஈயம் தரும் பாறைகள் பெரும்பாலும் இரண்டாம் வகை; கிந்தாவுக்குக் கிழக்கே நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடரும் அதில் அடக்கம். டைட்டேனியம் என்ற தனிமமே 1791-இல் இன்னொரு ஈய நாடான கார்ன்வாலின் கரிமணலில்தான் முதலில் தென்பட்டது. இந்த இல்மனைட் குடும்பம் இயற்பியலுக்குச் செய்த உதவி போதிய அளவு பேசப்படவில்லை. காந்தத்தில் ‘கண்ணாடி நிலை’ என்ற பெயரைத் தந்தவை உலோகக் கலவைகள். அது வெறும் தேக்கமல்ல, தனியொரு நிலை என்பதற்கு உறுதியான சான்று தந்தவற்றுள் முன்னிற்பது இந்த ஆக்சைடு என்பதே என் வாதம்.

கண்ணாடி என்ற சொல் இங்கே ஏன் வந்தது என்பதைத் தோட்டத்துப் பால்மரமே விளக்கும். இயற்கை ரப்பரை விரைந்து குளிர்வித்தால், சுமார் −70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது நெகிழ்வை இழந்து, தட்டினால் உடையும் பொருளாகிவிடும். மூலக்கூறுகள் வரிசைகட்டி நிற்பதில்லை. கலைந்து கிடந்த கோலத்திலேயே உறைந்துவிடுகின்றன. அணுக்களின் காந்தத் திசைகளும் இப்படி வரிசையில்லாமல் உறைய முடியுமா? 1972-இல் கனெல்லாவும் மைடோஷும் தங்கத்தில் சிறிது இரும்பு கலந்து குளிர்வித்தபோது, காந்த ஏற்புத்திறன் ஒரு வெப்பநிலையில் கூர்முனையாக உயர்ந்து இறங்கியது. 1975-இல் எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் அதற்குக் கோட்பாடு தந்தனர். ஆனால் தங்கத்தில் இரும்பணுக்கள் கடத்தும் எலக்ட்ரான்கள் வழியாகத் தொலைவிலிருந்தே ஒன்றையொன்று பாதிக்கின்றன. தொலைவு மாற மாற, ‘என்னோடு ஒத்து நில்’ என்பது ‘எதிர்த்து நில்’ என்றாகிவிடும். எட்வர்ட்ஸும் ஆண்டர்சனும் எழுதிய மாதிரியிலோ அண்டை அணுக்கள் மட்டுமே பேசிக்கொள்கின்றன. அதற்குப் பொருத்தமான பொருள், மின்சாரம் எளிதில் கடத்தாத, ஆக்சிஜன் வழியாக அண்டை அயனிகளை மட்டும் பிணைக்கும் இடைநிலை உலோக ஆக்சைடுதான்.

அந்தப் பொருள் ஏற்கெனவே ஜப்பானில் மேசைமேல் இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் ஹருனா எரிமலைப் பாறை, பூமியின் காந்தப்புலத்துக்கு எதிர்த்திசையில் காந்தமேறுவதை நகாதாவின் குழு கண்டது. காரணம் அதிலிருந்த ஹேமடைட்–இல்மனைட் கலவை. அதே கலவையைத் தொடர்ந்து ஆராய்ந்த இஷிகாவா, 1962-இல் இல்மனைட் மிகுந்த பகுதியின் குளிர்நிலை நடத்தையை அளந்து, சிறு சிறு காந்தத் திரள்கள் தனித்தனியே தயங்கி நிற்பதாக விளக்கினார். நீல் 1949-இல் நுண்துகள்களுக்குச் சொன்ன மீ பாராகாந்த விளக்கம் அது. 1985-இல் இஷிகாவாவும் கூட்டாளிகளும் ஹேமடைட் சிறிது கலந்த அந்த இல்மனைட்டையே புதிய ‘சுழற்சிக் கண்ணாடி’ என்று அறிவித்தார்கள். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் பொருள் மாறவில்லை. கேட்கப்பட்ட கேள்வி மாறியது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான்: ஓர் ஆய்வாளர் தன் பழைய விளக்கத்தைத் தானே திறந்து பார்த்தார்.

அடுத்த படி இன்னும் தெளிவானது. தூய இல்மனைட்டில் ஒரே அடுக்கிலுள்ள இரும்பு அயனிகள் ஒரே திசையில் நிற்கும். அடுத்த அடுக்கு எதிர்த்து நிற்கும். இரும்பின் இடத்தில் மாங்கனீஸ் வந்தால், ஒரே அடுக்கிலேயே அண்டை அயனிகள் எதிர்த்து நிற்கும். தனித்தனியே இரண்டுமே சுமார் 60 கெல்வினில் ஒழுங்காக வரிசைப்படுபவை. பாதிக்குப் பாதி கலந்தால் எந்தப் பக்கமும் எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாத இழுபறி. வரிசையே அமையாமல் சுமார் 21 கெல்வினில் எல்லாம் உறைகின்றன. 1986-இல் இத்தோ, அருகா குழுவினர் இந்தப் படிகத்தை முன்வைத்தனர். ஒழுங்கான இரண்டைக் கலந்தே கண்ணாடி பிறந்தது என்பதால், கலைந்த அமைப்பு மட்டும் போதாது, முரண்பட்ட பிணைப்பும் வேண்டும் என்பது நிலைபெற்றது.

இதுவும் சிறு திரள்களின் தயக்கந்தானே என்று கேட்கலாம். தனித்த திரள்களாக இருந்தால், குளிரக் குளிர அவை படிப்படியாக மட்டுமே மந்தமாகும். ஆனால் சுவீடனின் உப்சாலா குழு இதே படிகத்தில் 1988-இலும் 1991-இலும் செய்த அளவீடுகளில், தளர்வு நேரமும் நேரிலா ஏற்புத்திறனும் உறைநிலையை நெருங்கும்போது நிலைமாற்றத்துக்கே உரிய விதிப்படி பெருகின. உறைந்தபின் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பதும் அதன் நடத்தையில் பதிகிறது. தனித்தனித் துகள்களுக்கு அந்த முதுமை இல்லை. இன்னொரு மறுப்பு நியாயமானது: இவை ஆய்வகப் படிகங்கள், கிந்தா மணல் அல்ல. உண்மை. ஈப்போ வெயிலில் இல்மனைட் வெறும் பாராகாந்தம்; பிரிப்பான் இழுப்பது அதைத்தான். ஆனாலும் இயற்கை இல்மனைட்டிலும் இரும்பின் இடத்தில் மாங்கனீஸ் ஓரளவு அமர்ந்திருக்கிறது; ஆய்வகம் அந்தக் கலப்பைப் பாதிவரை கொண்டுசென்றது, அவ்வளவே.

கோட்பாட்டாளர்கள்தான் இன்னும் ஒத்துப்போகவில்லை. 2021-இல் நோபல் பரிசு பெற்ற பாரிசி சுழற்சிக் கண்ணாடிக்குத் தந்த கோட்பாட்டை முப்பரிமாணப் பொருளுக்கும் நீட்டினால், வெளிக் காந்தப்புலத்திலும் இந்த நிலைமாற்றம் நிற்க வேண்டும். அது நிற்கவில்லை என்று 1995-இல் அளந்து சொன்னதும் இந்த இரும்பு–மாங்கனீஸ் இல்மனைட் படிகத்தில்தான்.