கணிப்புச் சந்தையும் ஐவர் ஆட்டமும்

வருவதை முன்னரே அறிய விழைவது மனித இயல்பு. கிளி சோதிடம் முதல் கருத்துக் கணிப்பு வரை யாவும் அவ்விழைவின் பிள்ளைகளே. அவ்வரிசையில் வந்த கணிப்புச் சந்தையின் இக்கால வரலாறு 1988ஆம் ஆண்டில் தொடங்குகிறது எனலாம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் நடைபெற்ற அவ்வாண்டில் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆய்வுக்கென ஒரு சிறு சந்தையைத் திறந்தனர். பின்னாளில் அங்கு வழங்கிய முறை எளியது. ஒரு வேட்பாளர் வென்றால் 1 டாலர் தரும் பங்கு, அவர் தோற்றால் ஒன்றும் தராது. அப்பங்கு 70 சென்டுக்குக் கைமாறுமாயின், அவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபது என்று சந்தை கருதுகிறது. 1988 முதல் 2004 வரை நிகழ்ந்த ஐந்து தேர்தல்களில் 964 கருத்துக் கணிப்புகளுடன் ஒப்பிட்டபோது, நூற்றுக்கு 74 முறை சந்தையே முடிவை நெருங்கி நின்றது. ஒருவர் 500 டாலருக்கு மேல் இட இயலாது என்ற வரம்பும் அங்கு உண்டு. கோடிக்கணக்கானோர் வாக்களிக்கும் தேர்தலை அத்தொகையால் அசைக்க எவராலும் ஆகாது. அச்சந்தையின் பெருமைக்குக் கணிதத்தைவிட இக்காவலே பெரிதும் காரணம் என்க.

முடிவு பத்துப் பேர் கையில் மட்டும் இருந்தால் என்னாகும்? இவ்வினாவுக்கு விடை மின்விளையாட்டு உலகில் கிடைத்தது.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2012இல் 'கவுன்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்' என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும். அந்நாளில் 16 சுற்றுகளை முதலில் வென்ற அணிக்கு வெற்றி என்பது விதியாக இருந்தது. 2013 ஆகத்து மாதத்தில் துப்பாக்கிகளுக்கு வண்ண ஒப்பனைகள் அறிமுகமாயின. அவை சுடும் திறனை இம்மியும் கூட்டுவதில்லை. கண்ணுக்கு அழகு, அவ்வளவே. ஆயினும் அரியவை பல நூறு டாலர் விலைபோயின. விலை பெற்ற பொருள் பந்தயத்திற்கு வர நெடுநாள் ஆகவில்லை. இளைஞர்கள் தம் ஒப்பனைகளைத் தாம் நம்பிய அணியின்மேல் வைத்தனர். எவ்வணியின்மேல் எவ்வளவு குவிகிறதோ அதற்கேற்ப விகிதம் ஏறி இறங்கியது. பெயர் வேறாயினும், கூட்டத்தின் கணிப்பே விலையாகும் அயோவா முறையின் உறவுதான் இது.

2014 ஆகத்தில் அமெரிக்காவின் முன்னணி அணிகளுள் ஒன்றான ஐபைபவர், நெட்கோட்கைட்ஸ் என்னும் அணியிடம் 4க்கு 16 எனத் தோற்றது. வலிய அணி தோற்பது விளையாட்டில் புதிதன்று. ஆனால் அவர்கள் தோற்ற விதம் பார்த்தோரை ஐயுற வைத்தது. 2015 சனவரியில் ரிச்சர்ட் லூயிஸ் என்னும் செய்தியாளர் சில குறுஞ்செய்திகளை வெளியிட்டார். வால்வ் தன் ஏடுகளைப் புரட்டியது. பந்தயத்தில் வென்ற விலையுயர்ந்த ஒப்பனைகள், தோற்ற அணியின் ஆட்டக்காரர் நால்வரிடமே கைமாறிச் சேர்ந்திருந்தன! சகுனியின் பகடை அவன் சொற்கேட்டு விழுந்தது. இங்கே பகடைகள் கூலியும் பெற்றன. பார்வையாளர் கணித்ததோ ஆற்றலை, விற்கப்பட்டதோ முடிவு.

சனவரி 26ஆம் நாள் எழுவர்க்குத் தடை விதிக்கப்பட்டது. ஓராண்டு கழித்து அது நிலையான தடையென அறிவிக்கப்பட்டது. இளமையில் செய்த ஒரு பிழைக்கு இத்தண்டனை கடுமையே என்போர் உண்டு. நெஞ்சறிந்து ஏமாற்றப்பட்டவர் ஆயிரவர் என்பதையும் அவர்கள் எண்ணுதல் வேண்டும். தடைப்பட்டியலில் இடம்பெறாத ஐந்தாம் ஆட்டக்காரர், 2018 சனவரியில் பாசுடன் நகரில் நடந்த பெரும்போட்டியில் கிளவுட்9 அணியுடன் வாகை சூடினார். வட அமெரிக்க அணியொன்று அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை.

2016 சூலையில் ஒப்பனைப் பந்தயத் தளங்கள் 23க்கு வால்வ் எச்சரிக்கை மடல் விடுத்தது, பல மூடப்பட்டன. நான்காண்டுகள் கழித்து, 2020இல், பாலிமார்க்கெட் என்னும் கணிப்புச் சந்தை நியூயார்க்கில் தோன்றியது. அதன் பட்டியலில் தேர்தல்களோடு மின்விளையாட்டுப் போட்டிகளும் பின்னர் இடம்பெற்றன. அயோவாவின் 500 டாலர் வரம்பு அங்கே இல்லை.